பதனம் பிரிக்காத கவர்

பாகூர் ஏரி வற்றினாலும் வற்றும். பதனம் ஒரு சாமானின் மேலிருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கமாட்டார். இதைச் சும்மா சொல்லவில்லை. பாகூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து குப்பை கொட்டியவன் சொல்கிறேன். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். யார் எதைத் தொட்டாலும் "பதனம், பதனம்" என்று பதறுவார். பத்திரமாம். அதுவே பெயராக நின்றுவிட்டது.

அவருடைய ஸ்கூட்டர் சீட், கம்பெனியில் போட்ட பாலித்தீன் உறையோடு ஒன்பது வருஷம் ஓடியது. சித்திரை வெயிலில் அவர் எழுந்தால் பேண்ட்டோடு சீட்டும் கொஞ்சம் எழும். வீட்டு டிவி ரிமோட்டுக்கு மூன்று கவர், மேலே ரப்பர் பேண்டு. எந்த பட்டன் எது என்று தெரியாமல் அவர் மனைவி சீரியலுக்கு அழுத்தினால் மீன் வளர்ப்பு நிகழ்ச்சி வரும். அந்த அம்மாளிடம் இன்றைக்கும் கெண்டை மீனைப் பற்றி என்ன சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த மனுஷனுக்குப் போய் பிரான்சில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு கேமரா அனுப்பினான். நல்ல பெரிய கேமரா. பதனம் அதை அரிசி டிரம்மில் வைத்து மூடினார். செருப்பு டப்பாவுக்குள் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிய சின்னப் பொட்டலம் இருக்குமே, ஈரத்தை உறிஞ்சுவது, அதை வில்லியனூர் கடைத்தெருவில் கடை கடையாகக் கேட்டு வாங்கி வந்து டிரம்மை நிரப்பினார். மூன்று வருஷத்தில் அந்தக் கேமரா ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"பதனண்ணே, ஆயுத பூஜைக்கு எடுத்தாங்களேன்" என்றால், "மழ வர்ற மாரி இருக்குதுபா. ஈரம் ஏறிடும்" என்பார். மே மாசம் கேட்டால் லென்ஸ் வெந்துவிடும். மார்கழியில் கேட்டால் பனி. பனித்திட்டு கிராமத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டபோது, "கடலோரமா? உப்புக்காத்துபா, அரிச்சிடும்" என்று மொய்யை மட்டும் என் கையில் கொடுத்தனுப்பினார்.

கடைசியில் அவரை மடக்கியது பிலோமினா அக்கா. வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வரும் அட்டெண்டர். வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். ரிட்டயர் ஆக நாலு மாசம் இருந்தது. அந்த வருஷ எல்.டி.சி. பயணச் சலுகையில் ஆபீஸில் எட்டுப் பேர் மணாலி போவதென்று முடிவானதும் நேரே பதனத்தின் மேசைக்கு வந்தார்.

"டேய் பதனம், டிரம்முல வெச்சிருக்கியே, அது படம் புடிக்குமா, இல்ல முட்ட வுட்டு அடகாக்குதா?"

"இன்னாக்கா நீ..."

"நீ அத்த எடுத்தாற. என்ன பனியில நிக்க வெச்சி ஒரு படம் எடுக்கற. நா செத்தா மால போடறதுக்கு."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரர் போனப்ப வோட்டர் கார்டுல இருந்த மூஞ்சியதான் பெருசு பண்ணானுங்க. மூக்கு எது, வாய் எதுன்னு தெர்ல. பதினோரு வருஷமா யாரோ ஒரு ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்திகினு இருக்கேன். எனக்கு அந்த கதி வாணாம். என் ஆதார் கார்ட பாத்துக்கிறியா? போலீசு தேடற மாரி இருக்கும். நா சிரிக்கணும்டா. பல்லு தெரியணும்."

"அதுக்கு பனி எதுக்குக்கா?" என்றேன்.

"வருசா வருசம் கிறிஸ்மஸ் குடில்ல பஞ்ச பிச்சிப் போட்டு பனின்னு சொல்லிகினு இருக்கேன் தம்பி. நெசத்த ஒரு வாட்டி மிதிக்க வாணாமா?"

மறுநாள் பதனம் பிரான்சுக்குப் போன் போட்டு, குளிர் தேசத்தில் கேமராவைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஹெட் கிளார்க்கின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், எதிர் பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கால் மணி நேரம் வைத்து எடுத்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து சொட்டியது.

"பாத்தியாபா? குளுருலேர்ந்து சூட்டுக்கு வந்தா இதான் கதி. கேமராவுக்கு உள்ளயே தண்ணி கட்டிக்கும். அதனால ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கவர்ல போட்டு காத்து போவாம மூடிடணும். ரெண்டு மணி நேரம் தொறக்கக் கூடாது. பேட்டரி குளுருல செத்துடும், அத்த ஒடம்போட ஒட்டி வெச்சிக்கணும்."

ஹெட் கிளார்க் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடிதான் பதனத்தின் கையில் இருந்ததே.

மணாலிக்கு மேலே, பனி கிடக்கும் இடத்துக்கு வேனில் போனோம். ஆளாளுக்கு வாடகைக் கோட்டு. பதனம் தன் மஃப்ளரையும் குரங்குக் குல்லாவையும் கேமராவுக்குப் போட்டுவிட்டு, வெறும் தலையோடு பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றார். அக்கா கோட்டைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பட்டுப் புடவை. "சீக்கிரம் எடுடா, வெறச்சிப் போனா இன்னிக்கே மால போட வேண்டியதுதான்" என்றார்.

பதனம் மூச்சுக்காற்று லென்ஸில் படாமல் மூச்சையே அடக்கிக்கொண்டு பதினொரு படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் கேமராவைக் கவருக்குள் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் போட்டு மூடினார். அதற்கப்புறம்தான் டீக்கடைக்குள் நுழைந்தோம். நடுவில் இரும்பு அடுப்பு எரிந்தது. சொர்க்கம் என்றால் அதுதான்.

"படத்த காட்டுடா" என்றார் அக்கா.

"ரெண்டு மணி நேரம் ஆவணும்க்கா."

"ரெண்டு மணி நேரம் கழிச்சி நாம கீழ ஓட்டல்ல இருப்போம். கண்ணு மூடியிருந்தா திரும்ப எவன்டா என்ன இட்டாருவான்?"

அதிலும் நியாயம் இருந்தது. டிரைவர் அரை மணியில் கிளம்பணும் என்று விரலைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். மறுநாள் காலை ஊருக்குத் திரும்புகிறோம். எங்கள் செல்போன்கள் குளிரில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து கிடந்தன. எல்லாரும் சேர்ந்து பதனத்தைப் பிடித்துக்கொண்டோம். "கேமரா பெருசா, அக்கா பெருசா?" என்று ஹெட் கிளார்க் பழைய கண்ணாடிக் கோபத்தையும் சேர்த்துக் கத்தினார்.

பதனம் பாதி டீயை வைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "வாக்கா, வெளிய போலாம். குளுருலயே பிரிச்சா ஒண்ணும் ஆவாது."

அடுப்பை விட்டு எழ யாருக்கும் மனசில்லை. நான் மட்டும் கூடப் போனேன். பனியில் நின்று இரண்டு கவரையும் பிரித்துப் பார்த்தோம். பதினொரு படத்திலும் அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"வுடுடா. எனக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான். ஆதாரையே மாட்டிக்கட்டும்" என்று அக்கா கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

"கோட்ட கழட்டுக்கா. இன்னோரு வாட்டி" என்று பதனம் கேமராவைத் தூக்கினார். கேமரா கண்ணை மூடியது. பேட்டரி காலி.

மாற்று பேட்டரி இருந்தது. ஆனால் எங்கே இருந்தது? உடம்போடு ஒட்டி இருக்கட்டும் என்று மனைவியை விட்டுச் சுருக்குப் பை தைத்து, அதை அரைஞாண்கயிற்றில் கட்டியிருந்தார். அதுவும் ரெட்டை முடிச்சு, பதனமாக.

வாடகைக் கோட்டின் ஜிப்பைத் திறந்தார். ஸ்வெட்டரைத் தூக்கினார். அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். சட்டை, பனியன். கையுறையைப் பல்லால் உருவி வாயில் கவ்விக்கொண்டு, விறைத்த விரலால் முடிச்சைத் தேடினார். முடிச்சு அசையவில்லை. பெல்ட்டைத் தளர்த்தினார். வாயில் கையுறையோடு, "அப்பி ரும்பிக்கோக்கா" என்றார். அப்படித் திரும்பிக்கொள்ளச் சொல்கிறார் என்று அக்காவுக்குப் புரிவதற்குள் பேண்ட் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. உள்ளே பாகூர் சந்தையில் வாங்கிய கோடு போட்ட பட்டாப்பட்டி, இமயமலைக்கே தெரிகிற மாதிரி நின்றது.

"அய்யோ மாதாவே!" என்றார் அக்கா.

அடுத்து வந்தது சிரிப்பு. கோட்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது. பச்சைப் புடவையோடு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, பல் அத்தனையும் தெரிய அக்கா சிரித்தார். பேட்டரி கையில் வந்துவிட்டது. பேண்ட்டை ஏற்றுவதா, படம் எடுப்பதா? பதனம் பேட்டரியைப் போட்டார், லென்ஸ் மூடியைப் பிடுங்கிப் பனியில் வீசினார், எடுத்தார். எதையும் தொலைக்காத மனுஷன் அன்று தொலைத்த அந்த மூடி இன்னும் மணாலியில்தான் கிடக்கிறது.

இந்த முறை இரண்டு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டல் அறையில் சாமிக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அந்தக் கவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திறந்து பார்த்ததும் அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். "நா இவ்ளோ நல்லாவா இருக்கேன்?" என்றார்.

ஊருக்கு வந்ததும் பதனமே படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, வில்லியனூரில் அக்கா வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். கவரோடுதான்.

"அந்த கவர பிரிடா, மூஞ்சி மங்கலா தெரியுது" என்றார் அக்கா.

"தூசி படும்க்கா. மால போடற அன்னிக்கி பிரிச்சிக்கலாம்."

"அடப்பாவி, அன்னிக்கி பாக்கறதுக்கு நா இருக்க மாட்டனே!"

"அதான் சொல்றேன். கவர் அப்படியே இருக்கட்டும்" என்றார் பதனம், சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டே.

போன கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குடிலில் பஞ்சைப் பிய்த்துப் போட்டபடி, "பனி இப்புடி இருக்காதுடி, நா மிதிச்சிருக்கேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அளந்துகொண்டிருந்தார். மேலே ஃபிரேமின் கவர் மஞ்சளித்து ஓரம் கிழிந்திருந்தது. பதனம் ஸ்டூலில் ஏறி, பழைய கவரை உருவாமல், அதன் மேலேயே புதுக் கவரை மாட்டிக்கொண்டிருந்தார். எத்தனை கவர் வேண்டுமானாலும் போடட்டும் மனுஷன். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறேன்.