கப்பல் மாமாவும் திருப்பிப் போட்ட ஆட்டோவும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் சாலையில் கிடந்த அத்தனை வேகத்தடைகளுக்கும் பெயர் வைத்து, பெயர் சொல்லித் திட்டத் தெரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தெரு கப்பல் மாமா. ஆலப்பாக்கத்தில் இருந்தது ‘இடுப்பொடிச்சான்’. புதுச்சத்திரத்தில் ஜோடியாகக் கிடந்தவை ‘மாமியாரும் மருமகளும்’. வெள்ளைக்கோடு அழிந்து, மேலே ஏறி விழுந்த பிறகுதான் இருப்பதே தெரியும் இன்னொன்று ‘கள்ளப்பய’.

அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரருக்கே அது மறந்துபோய்விட்டது. வாலிபம் முழுக்கச் சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் கழித்துவிட்டு வந்தவர் என்பதால் தெருவுக்கு அவர் கப்பல் மாமா. இன்ஜின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை அது. வீட்டில் அவர் “உப்பு கம்மி” என்றால், கடலூர் ஓ.டி. மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அப்போது எதிர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சிதம்பரத்தில் வேலை. அலாரம் வைக்காமலே ஆபீஸுக்கு நேரத்தோடு போன காலம் அது.

யார் எதைச் செய்யச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போவது அவர் சுபாவம். மகன் அன்வர் கல்யாணத்தில் போட்டோகிராபர், “பாய், கொஞ்சம் சிரிங்க” என்று கேட்டிருக்கிறார். “நீ சிரிப்பு வர்ற மாதிரி எதுனா சொல்லு, சிரிக்கிறன்” என்றிருக்கிறார் மாமா. அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மாமா மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம்போல முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு இடது முழங்கால் மடங்க மறுத்தது. கூடவே அவ்வப்போது தலைசுற்றல். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இனிமே டூவீலரத் தொடக்கூடாது பாய்” என்றார்.

“சரிங்க டாக்டர்” என்றார் மாமா.

அந்த ‘சரி’யைக் கேட்ட மாமி, மனிதருக்கு வேறென்னவோ பெரிய வியாதி என்று வீட்டுக்கு வந்து அழுதார்.

மாமி அழுது முடிப்பதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியிலிருந்து அந்த வண்டி வந்து இறங்கியது. ஊருக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்றது. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். ஆனால் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பின் சீட்டுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் உண்டு. தெருவை அடைத்துக்கொண்டு பெரிய நண்டு போல நின்றது.

“இன்னாங்க இது?” என்றார் மாமி.

“டாக்டரு டூவீலருதான் கூடாதுன்னாரு. எண்ணிப் பாரு.”

தெருவே வந்து எண்ணிப் பார்த்தது. செல்வம் மெக்கானிக் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஆட்டோவத் திருப்பிப் போட்ட மாதிரி கீதே பாய்” என்றான். வண்டியின் பெயர் அன்றே நிலைத்துவிட்டது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாமா அதை நிறுத்தியிருந்தபோது, ஒரு பெரியவர் மூட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்து, “அண்ணாமலை நகர் போவுமா?” என்று கேட்டாராம். இல்லை என்று சொன்னால் வண்டி ஆட்டோ இல்லை என்று விளக்க வேண்டும். அதற்கு மாமாவுக்குப் பொறுமை இல்லை. கொண்டுபோய் விட்டார். பெரியவர் இறங்கும்போது, “மேல ஒரு கூரை போடுங்க பாய், வெயிலு ஜாஸ்தியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி அந்த வண்டியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார். ஆனால் ஏறாமல் இருந்ததில்லை. சில்வர் பீச் போனார்கள். பிச்சாவரம் போனார்கள். பலாப்பழம் வாங்க அண்ணாகிராமம் பக்கம் போனவர்கள், பழத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசனையோடு தெருவுக்குள் நுழைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வினை முன் சக்கரங்களில் இருந்தது. வெள்ளைக்காரர் ஊர்ச் சாலைக்குச் செய்த ஸ்பிரிங். பஞ்சு மெத்தை போல மெத்து மெத்தென்று இருக்கும். பிரேக்கைத் தொட்டால் வண்டி தலையைக் குனிந்து தரையை மோந்து பார்க்கும். வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் பொதுக்கென்று அமுங்கும். ஒருநாள் சிதம்பரம் போகும்போது குறுக்கே ஆடு வந்துவிட்டது. மாமா பிரேக் பிடித்தார். முன்பக்கம் குப்புற இறங்கியது. மாமியின் ஹெல்மெட் மாமாவின் ஹெல்மெட்டில் மோதிய சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி இருந்ததாம்.

புதுச்சத்திரத்தில் மாமி இறங்கிவிட்டார். எதிரே வந்த கடலூர் பஸ்ஸில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த பஸ்ஸில்தான் நானும் இருந்தேன். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸின் கூடவே வந்து ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

“எறங்கு! ஸ்பிரிங்குலதான் கோளாறு! எங்கிட்ட ஒண்ணியும் இல்ல!”

கண்டக்டர் வந்தார். “அம்மா, ஒரு பாய் ரிவர்ஸ் ஆட்டோல வந்து உங்களக் கூப்புடறாரு.”

“அவரு யாருன்னே எனக்குத் தெரியாது” என்றார் மாமி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அன்று இரவே துபாயிலிருந்து அன்வர் போன் போட்டான். வண்டியை விற்றுவிடச் சொன்னான். மாமா சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது. “இன்ஜின் ரூம்ல ஒரு வால்வு ஒழுகுனா வால்வ மாத்துவோம். கப்பல விக்க மாட்டோம்.”

முதலில் செல்வத்திடம்தான் போனார். அவன், “லோடு ஆட்டோ ஸ்பிரிங்கு போட்டுடலாம் பாய், மலையவே மேல ஏத்துனாலும் அசையாது” என்றான். சொன்னபடியே அது அசையவில்லை. அதற்குப் பதிலாக மாமாதான் அசைந்தார். சாலையில் கிடந்த சின்னக் கல்லெல்லாம் முதுகெலும்பு வழியாக ஏறி மண்டைக்கு வந்து ஆஜர் சொன்னது. வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது, இணைப்புக்கு இணைப்பு வண்டி குதித்தது. ஏதோ ஒரு குதியில் மாமாவின் பல் செட்டு வாயிலிருந்து கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆற்றுக்குள் போய்விட்டது.

புதுப் பல் கட்டிக்கொள்ளச் சொல்லி மாமி மன்றாடினார். மாமா மசியவில்லை. “மொதல்ல ஷ்பிரிங்கு. அப்பறந்தான் பல்லு” என்று சொல்லிவிட்டார்.

இப்படியாக ஷ்பிரிங்கு வரும் வரைக்கும் மாமா கஞ்சி குடித்தார். இன்டர்நெட்டில் தேடித் தேடி, இதே மாதிரி மூன்று சக்கர வண்டிக்கென்று வெளிநாட்டில் செய்யும் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரைக் கண்டுபிடித்தார். ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும், அமுங்கிய வண்டி எவ்வளவு நிதானமாக எழும்ப வேண்டும் என்பதையும் நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். வளைவில் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கிற தடித்த குறுக்குக் கம்பி ஒன்றும் கூடவே வந்தது.

அதைப் பார்த்ததும் செல்வத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏன் பாய், நான் போட்டதுல இன்னா கொறை?”

மாமா பதில் பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். செல்வம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினார்கள். மாட்டியது பெரிதில்லை, இறுக்கம் வைப்பதில்தான் தெருவே சிக்கியது. போகிற வருகிற ஆளையெல்லாம் கூப்பிட்டு வண்டி மேல் உட்காரவைத்து, முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று படுத்துக்கொண்டு பார்த்தார் மாமா. பால்காரர் உட்கார்ந்தார். நான் ஆபீஸ் பையோடு உட்கார்ந்தேன். என் மாமனார் ஊரிலிருந்து வந்து இறங்கியவர், வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அதில் உட்காரவைக்கப்பட்டார்.

ஆனால் உண்மையில் பின் சீட்டில் உட்கார வேண்டியவர் மாமி. அவர் ஜன்னலருகே வெங்காயம் உரித்துக்கொண்டு, தெருவில் நடப்பதே தெரியாதவர்போல இருந்தார். எடை எவ்வளவு என்று கேட்டதற்கும் பதில் இல்லை. மாமா வீட்டுக்குள் போய் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிவரச் செய்து, பின் சீட்டில் வைத்துக் கட்டினார்.

“என்னய அரிசி மூட்டைன்னு நெனச்சீங்களா?” என்றது ஜன்னல்.

மாமா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். பிறகு ஜன்னல் தணிந்த குரலில் சொன்னது:

“ஒரு மூட்டை பத்தாது.”

இதற்குள் துபாயில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பல் இல்லாத வாப்பா போனில் குழறிக் குழறிப் பேசியதைக் கேட்ட அன்வர், பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டான். லீவு போட்டுக்கொண்டு பதறியடித்து வந்து சேர்ந்தான். வந்தவன் பல் கதையைக் கேட்டு நிம்மதியாவான் என்று நாங்கள் நினைத்தோம். அவனுக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே புதுச்சேரியிலிருந்து வண்டியை வாங்க ஆள் வந்து நின்றார்.

தெருவில் வைத்தே சண்டை நடந்தது.

“வண்டிய குடுத்துருங்க வாப்பா.”

“என் வண்டி.”

“நான் அங்க ராத்திரில போன் அடிச்சாலே பயந்து பயந்து எடுக்கறேன். நீங்க ரோட்டுல எங்கனாச்சும் விழுந்து கெடந்தா யாரு பாப்பா? உம்மா பாப்பாங்களா? அவுங்களும்தான கூட விழுவாங்க?”

மாமா வாயைத் திறந்தார், மூடினார். மூடிய உதடுகள் உள்ளே மடிந்திருக்க, அவர் திடீரென்று ரொம்ப வயசானவராகத் தெரிந்தார். வாங்க வந்தவர் மெதுவாகச் சாவியைப் பார்த்தார்.

அப்போது மாமி வெளியே வந்தார். புர்கா போட்டிருந்தார். கையில் ஹெல்மெட். யாரையும் பார்க்காமல் நேராக வண்டியிடம் போய், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டார்.

“சிதம்பரம் போவணும். தங்கச்சியப் பாக்கணும்.”

“உம்மா, எறங்குங்க. கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“நீ பொறந்தப்ப அவரு எங்கியோ நடுக்கடல்ல இருந்தாரு. உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்பவும் கடல்லதான். நான் இந்த வீட்லயே கெடந்தேன், காலண்டரப் பாத்துக்கிட்டு. இப்பதான்டா ரெண்டு பேரும் சேந்து வெளிய போறோம். அதயும் விக்கணுமா?” என்றார் மாமி. வாங்க வந்தவர் பக்கம் திரும்பி, “நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி, உள்ள பிளாஸ்க்குல இருக்கு” என்றார்.

மாமா சாவியைப் போட்டார். வண்டி கிளம்பியது.

அன்வர் தான் வாடகைக்கு எடுத்து வந்திருந்த காரில் பின்னாலேயே விரட்டினான். நானும் அவனோடு ஏறிக்கொண்டேன். ‘இடுப்பொடிச்சான்’ வந்தான், வண்டியின் முன்பக்கம் மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. ‘மாமியாரும் மருமகளும்’ வந்தார்கள். சக்கரங்கள் மட்டும் அவர்களை விசாரித்துவிட்டுப் போயின, உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சேதியே போகவில்லை. வளைவில் வண்டி கோடு போட்ட மாதிரி திரும்பியது. அன்வர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

பாலம் நெருங்கும்போது மாமியின் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிரவே இல்லை.

“உம்மாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சு!” என்று அன்வர் ஹாரனை அழுத்தினான். காரை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். மாமா என்னைப் பார்த்து, ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.

“ஹாரன் அடிக்காதீங்கடா. தூங்கறா.”

வாழ்நாளில் அவர் மெல்லிய குரலில் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். காற்றிலும் லாரி இரைச்சலிலும் அது எப்படி எங்கள் காதில் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே, சாய்மானத்தில் தலையைச் சாய்த்து, மாமி குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்வர் காரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தான். சிதம்பரம் வரைக்கும் ஹாரன் அடிக்கவில்லை.

தங்கை வீட்டு வாசலில் மாமி விழித்து, “அதுக்குள்ள வந்துட்டமா?” என்று குறைபட்டுக்கொண்டே உள்ளே போனார். மாமாவுக்குத்தான் இறங்க முடியவில்லை. முழங்கால் அப்படியே விறைத்துக்கொண்டது. அன்வர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

“வுடுடா. எனக்கு எறங்கத் தெரியும்” என்றார் மாமா, தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

சொன்னாரே தவிர, பிடித்த கையை அவர் விடவே இல்லை. வீட்டு வாசற்படி ஏறி, உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும்.