கதகதப்பான வீடு

"மேலதிகாரி சாயங்காலம் டீ சாப்பிட வர்றாராம். வீட்டம்மாவும் கூட வர்றாங்களாம்" என்று அவர் போனை வைத்தார்.

மனைவி கம்பளிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. "வரட்டும். எங்க உக்கார வைப்பீங்க? இந்தக் குளிருக்கு நமக்கே சமையலறைதான் கதி."

அவர் எரிபொருள் வாரியத்தின் விளம்பரப் பேச்சாளர். 'வானம் வெளுக்க வரி கொடுப்போம்' என்று தினமும் காலையில் ரேடியோவில் சொல்வது அவர் குரல்தான். புகை குறைய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எரிபொருளுக்கு அந்த வரி ஏறியதிலிருந்து, கட்டுப்படியாகாமல், அவர் வீட்டு எண்ணெய் ஹீட்டர் எரியவில்லை. இது வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மாடி வீட்டு நர்ஸிடம் கரண்ட் ஹீட்டர் கேட்டார். "எங்களுது ரிப்பேர்மா."

"ஒரு ஸ்வெட்டர் போதும்னு ரேடியோவுல சொன்னீங்களேண்ணா?" என்றாள் அவள், சிரிக்காமல். ஆனாலும் கொடுத்தாள். படியிறங்கும்போது அவருக்குக் காது மட்டும் சூடாக இருந்தது.

மகளைக் கூப்பிட்டார். "ஸ்வெட்டரைக் கழட்டும்மா. வீடு கதகதப்பா இருக்குன்னு தெரியணும்."

"இல்லையேப்பா?"

"கழட்டு."

ஹீட்டர் சிவந்தது. அதே நேரம் மனைவி டீக்குக் கெட்டிலைப் போட்டாள். ஃப்யூஸ் போய் வீடே இருட்டானது. கதவு தட்டப்பட்டது.

"வாங்க சார், வாங்கம்மா. சாயங்காலம் ஒரு மணி நேரம் நாங்க எல்லாத்தையும் அணைச்சிடுவோம். ஊருக்கு உபதேசம் பண்ணா போதுமா?" வாய் தானாக அளந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேலதிகாரி கையைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு மணி நேரம்தானே? பரவாயில்ல, இருக்கோம்."

அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "இன்னைக்கு மட்டும் விடிய விடிய சார்."

வெதுவெதுப்பான தண்ணீரில் போட்ட டீ வந்தது. மகளின் பற்கள் தந்தியடித்தன. மேலதிகாரியின் மனைவி தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள். "ஏம்மா, ஸ்வெட்டர் போடலையா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "எனக்குக் குளிரலை ஆன்ட்டி."

அன்றைக்கு அவர் சொன்ன பொய்கள் ஒருபக்கம் இருக்கட்டும். அப்பனைக் காப்பாற்றக் குழந்தை சொன்ன அந்த ஒரு பொய்தான் அவரைச் சுட்டது. தலை நிமிரவில்லை.

டீ முடிந்ததுமே விருந்தாளிகள் எழுந்துகொண்டார்கள். அவர்கள் போனதும் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து மகளுக்குத் தானே மாட்டிவிட்டார். அவர்கள் விட்டுப்போன சால்வையோடு வெளியே வந்தார். வேலை போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருட்டில் படியிறங்கினார்.

கீழ்ப்படியில் மேலதிகாரியின் மனைவி குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்லதான் ஹீட்டர் போட வழியில்ல, ரேடியோல பேசறவர் வீட்லயாவது கொஞ்ச நேரம் குளிர் காயலாம்னு வந்தா, இவங்க நெஜமாவே அணைச்சு வச்சிருக்காங்க. நாளைக்கு வேற யார் வீட்டுக்காவது டீக்கு வர்றோம்னு சொல்லி வைங்க."