நெஞ்சில் ஊறிய பச்சைப்பயறு

என் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் மேடை முழுக்கப் பச்சைப்பயறு கொட்டியது எப்படி என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது என் ரவிக்கைக்குள்ளிருந்து கொட்டியது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் புற்றுநோய் என்று சொல்லி, சென்னை ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்திருந்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, புருவம் போனது, நாக்கில் ருசி போனது. பழவேற்காடு ஏரிக்கு நடுவே மீன்பிடித் தீவான பசியாவரத்தில் இருந்துகொண்டு எனக்கு மீன் வாடை பிடிக்காமல் போனது. (ஊரை விட்டுத்தான் தள்ளிவைக்க வேண்டும்.) ராத்திரியில் விளக்கை அணைத்த பிறகுதான் சேலை மாற்றுவேன். தழும்பை யாருக்கும் காட்டவில்லை, என் வீட்டுக்காரருக்கும்கூட. அவரும் கேட்கவில்லை. பேச்சே குறைந்துபோன வீடாகிவிட்டது.

நிச்சயதார்த்தம் பொன்னேரியில். வரமாட்டேன் என்றேன். ஒரு பக்கம் தட்டையாக எப்படிப் போய் நிற்பது? என் நாத்தனார் எல்லம்மா துணியில் பஞ்சை அடைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். நாலு அடி நடந்தால் அது கழுத்தெலும்புக்கு ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

"வெயிட்டு இல்ல அண்ணி, அதான் மெதக்குது" என்றாள்.

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலைநிமிராமல், "வலைல கட்ற ஈயக்குண்டு ரெண்டு தரட்டா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் பச்சைப்பயறு என்று முடிவானது. கனமும் சரி, வடிவமும் சரி. கண்ணாடியில் பார்த்தேன். பழைய நான் மாதிரியே ஒருத்தி நின்றாள்.

காலையில் படகேறினோம். பாதி ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. பழவேற்காட்டில் இறங்கி, டச்சுக்காரர்கள் கல்லறை வாசலில் ஒதுங்கினோம். அங்கே கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். மொட்டைத் தலையும் துருத்திய கன்ன எலும்புமாக நான் அதன் பக்கத்தில் நின்றேன். எல்லம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லு. யாரு யாருன்னே தெரில."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து, "உள்ள எடம் இல்லியாம். வா, பஸ்ஸு வந்துடும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மண்டபத்தில் பட்டுச்சேலைக்கு மாறினேன். பைக்கு மட்டும் மாற்று இல்லை. பிழிந்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன். நனைந்த பயறு என்ன செய்யும் என்று சமையல் தெரிந்த இரண்டு பெண்களுக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

மதியத்துக்குமேல் ரவிக்கை இறுக்கியது. சாயங்காலம் தட்டு மாற்றும் நேரத்தில் எல்லம்மா என் காதில், "இன்னா அண்ணி, ஒரு பக்கம் மட்டும் பெருசாகினே போது?" என்றாள். அத்தை என்ற முறையில் நான் பூத்தட்டோடு மேடையில் நின்றேன். குனிந்தேன். உள்ளே ஏதோ 'டப்' என்றது.

முதலில் ஒரு பயறு. அப்புறம் நாலு. அப்புறம் சேலை மடிப்பு வழியாகச் சரசரவென்று தட்டில், தரையில், மாப்பிள்ளையின் காலில். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். அந்த ஏரியிலேயே மூழ்கியிருக்கலாமே என்று இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எல்லம்மா அசரவில்லை. "எங்க ஊரு வழக்கம்மா. பொண்ணோட அத்த மடில பயறு கட்டினு வந்து கொட்டணும். ஊறின பயறுன்னா ஆயுசு கெட்டி."

அந்த அம்மா சட்டென்று குனிந்து, நாலு பயறு பொறுக்கிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பின்னாலேயே அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

எல்லம்மா என்னை மணப்பெண் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, ரவிக்கையை அவிழ்த்தாள். தழும்பில் ஒட்டியிருந்த பயறுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"ரொம்ப வலிச்சிதா அண்ணி?"

"இல்ல. அரிச்சிது."

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். நான் அழ ஆரம்பித்துச் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"இன்னா ஆச்சு?" என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல். எல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவரை உள்ளே விட்டுவிட்டு அவள் வெளியே போனாள்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார். "நான் இன்னான்னாமோ நெனச்சினு இருந்தேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பந்தி போட்டுட்டாங்க. வா" என்றார்.

இப்போதும் வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகிறோம். டாக்டர் கூப்பிடும்வரை அவருடைய உள்ளங்கை என் கைக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால், படியிறங்கும்போதே எல்லம்மாவுக்குப் போன் போடுவார். நலம், சுகம் எதுவும் சொல்லமாட்டார்.

"பயறு ஊறப்போடு" என்பார். அவ்வளவுதான்.

நாங்கள் படகிறங்கும்போது எங்கள் தெருவுக்கே சுண்டல் தயாராக இருக்கும்.