பொன்னிறமாக வதக்கச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய சமையல் பக்க ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அடுப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நாங்களும் நலம். இரவில் விளக்கு எரியக் கூடாது என்று உத்தரவு இருப்பதால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். மேலே விமானச் சத்தம் வரும்போது என் கை தானாக இழுத்துக்கொள்ளும். நடுவில் எங்காவது ஒரு கோடு ஓடியிருந்தால் அது எழுத்து அல்ல, பொருட்படுத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வார இதழில் இடது பக்கம் எரிகிற ஊரின் படத்தையும் வலது பக்கம் தங்கள் வெங்காய சூப்பின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அதிலும் புகை, இதிலும் ஆவி. சூப்புக்கு மேலே, "உலகத்தை நம்மால் மாற்ற முடியாது, ஒரு வெங்காயத்தைப் பொன்னிறமாக மாற்ற முடியும். கவலையா? கரண்டியை எடுங்கள்!" என்று எழுதியிருந்தீர்கள். என் அக்கா அதைப் படித்துவிட்டு, "ஆமா, இவங்க வதக்குற வாசனைக்கு பீரங்கியெல்லாம் வாய மூடிக்கும்" என்று தூக்கிப் போட்டாள். அதை அப்பா எடுத்துக்கொண்டார். அங்கே பிடித்தது சனி.

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அம்மா நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை, ஒரே ஒரு வாரம் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவள் போன பின்னாலேயே சண்டையும் அந்தப் பக்கம் போனது. வாரம் மாதமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் போனில் பேசுவாள். அதுவரைக்கும் அப்பா கூண்டுக்குள் இருப்பதுபோல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடப்பார். தங்கள் பக்கத்தைப் படித்த அன்று நடையை விட்டு அடுப்பைப் பிடித்தார்.

இங்கே அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். கடை கடையாகப் போய் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற ஆய்வாளர் அவர். கடைத்தெருவே அவரைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காரும். அப்பேர்ப்பட்டவரிடம் போய் "தேவையான அளவு உப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். "தேவையான அளவுன்னா? யாருக்குத் தேவை? ஒரு கடைக்காரன் இப்படி எழுதி வெச்சிருந்தா கடைக்கே சீல் வெச்சிருப்பேன்!" என்று குதித்தார். பிறகு அலுவலகப் பெட்டியைத் திறந்து அம்மாவின் கரண்டிகளைச் சோதித்து, ஒன்றுகூடச் சட்டப்படி கரண்டி இல்லை என்று தீர்ப்பளித்தார். இத்தனை வருஷமாக நாங்கள் சட்டவிரோதமாக ருசியாகச் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அடுத்து "ஒரு கைப்பிடி பருப்பு". எங்கள் மூன்று பேர் கைப்பிடியையும் நிறுத்துப் பார்த்ததில் அக்காவின் கைதான் நடுத்தரமாக இருந்தது. அதுவே இந்த வீட்டின் அதிகாரப்பூர்வமான கைப்பிடி ஆனது. அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் கைய மட்டும் குடும்மா" என்பார். "வெட்டியே குடுத்துடறேன், டப்பாவுல போட்டு வெச்சுக்கோங்க" என்று உள்ளிருந்து பதில் வரும்.

தங்கள் பொன்னிறம் இருக்கிறதே, அதுதான் உச்சம். எந்தப் பொன் என்று தாங்கள் எழுதவில்லை. அப்பா கல்யாண மோதிரத்தைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, வெங்காயத்தோடு ஒட்டவைத்து நிறம் பார்த்தார். அது நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் வெங்காயம் கரிநிறத்துக்குப் போய்விட்டது; மோதிரம் மட்டும் பொன்னிறமாகவே இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா போனில், "என்னடி, இன்னைக்கு என்னத்தக் கெடுத்தாரு உங்கப்பா?" என்றாள். சொன்னேன். "மோதிரம் வெந்துச்சான்னு கேளு" என்றாள். "இன்னும் கொஞ்சம் வேகணும்னு சொல்லு" என்றார் அப்பா. அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் டமார் என்று கேட்டது. "கதவுடி" என்றாள். ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை கதவுகள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ரொட்டி. "மாவு இரு மடங்காகும்வரை அசைக்காமல் வைக்கவும்" என்றீர்கள். ஒன்றரை மடங்குகூட ஆகாத நேரத்தில் சைரன் ஊதிவிட்டது. கட்டடத்தில் இருந்த எல்லோரும் பத்திரத்தையும் நகையையும் தூக்கிக்கொண்டு கீழறைக்கு ஓடினார்கள். அப்பா மாவுச் சட்டியை அம்மாவின் சால்வையால் சுற்றி, அசைக்கக் கூடாதே என்று, ஊர்வலம் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினார். இருட்டில் யாரோ ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, "பாவம், பச்சக் குழந்த. மூஞ்சிய மூடாதீங்க, மூச்சு முட்டும்" என்றார். "இல்லைங்க, மாவு" என்றார் அப்பா. "அதனாலென்ன, உக்காருங்க" என்றார் அந்த அம்மாள். மாவு நன்றாகத்தான் உப்பியது. சுட்ட பிறகு அந்த ரொட்டியை வெட்ட எங்கள் வீட்டில் ஆயுதம் இல்லை.

எங்கள் துன்பம் இவ்வளவோடு நிற்கவில்லை. வாசனை மேலே போனதும் மாடிவீட்டு மாமா கிண்ணத்தோடு இறங்கிவிடுகிறார். நாள் முழுக்க ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டிருப்பவர். வாய் ஒன்று என்பதால் சூப்பையும் செய்தியையும் ஒன்றாகவே நடத்துவார். நேற்று ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல். ஆத்துப் பாலத்த உடச்சிட்டானாம். மிளகு இருக்கா?" என்றார். அம்மா திரும்பி வர வேண்டியது அந்தப் பாலத்தின் வழியாகத்தான். அப்பா மிளகு டப்பாவை நகர்த்தினார். பிறகு சுத்தமாகவே இருந்த சட்டி ஒன்றைக் கழுவ ஆரம்பித்தார், வெகுநேரம் கழுவினார்.

ஆகவே அம்மையீர், தங்கள் பக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்த மனமில்லாவிட்டால், "அடுப்படியில் நிம்மதி கிடைக்கும் என்று எழுதியது தவறு, வருந்துகிறோம்" என்று எரிகிற ஊருக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட வேண்டும். அப்பா நிம்மதியாக இல்லை, மும்முரமாக இருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரிகிறது. படத்தில் கரண்டியோடு சிரிக்கிறீர்களே, அது தாங்கள்தான் என்றால் ஒன்று கேட்கிறேன்: தங்கள் வீட்டிலிருந்து யாராவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்களா? வெண்ணெய் கிடைக்காவிட்டால் பாலாடைக்கட்டி சேர்க்கலாம் என்கிறீர்கள். இங்கே இரண்டுக்கும் ஒரே வரிசைதான். வரிசையின் முனையில் இரண்டும் இல்லை.

தங்கள் அடுப்பு என்றும் அணையாதிருக்கவும், தங்கள் வீட்டுக் கூரை இருக்கிற இடத்திலேயே இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். சிறியவள் எழுதியதில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பிழை இல்லையென்றாலும் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பெயர் எழுதப் பயப்படும் ஒரு வாசகி

பி.கு.: மேலே இருப்பது நேற்று எழுதியது. தபாலில் போடவில்லை. இன்று சாயங்காலம் அம்மாவின் போன் வரவில்லை. மாடிவீட்டு மாமா கிண்ணம் இல்லாமல் வந்து, "டவர் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்காராமல் ஏறிப் போனார். "ஆமா, டவர்தான்" என்றார் அப்பா. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவரைக் கேலி செய்வதையே தொழிலாக வைத்திருக்கிற என் அக்கா சமையலறைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் அவர் பக்கத்தில் போய் நின்று, "அப்பா, பசிக்குதுப்பா. ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள். "கடையில வாங்கிக்கோங்கம்மா" என்றார். கடையெல்லாம் மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாததல்ல.

ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். வருத்தமெல்லாம் தெரிவிக்க வேண்டாம். தயவுசெய்து அடுத்த இதழில் ஒரு குறிப்புப் போடுங்கள். சுலபமானது வேண்டாம். நெடுநேரம் கிண்ட வேண்டியதாக, அடுப்பை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாததாக இருக்கட்டும். முதல் தடவை கட்டாயம் கெட்டுப்போக வேண்டும். நாங்கள் சாப்பிட்டுக்கொள்கிறோம்.