சுடரகத்தில் மாமனார்

நெருப்பையும் சக்கரத்தையும் எழுத்தையும் கண்டுபிடித்த பிறகு மனித குலம் வெகுகாலம் சும்மா இருந்தது. அப்புறம் வரிசையைக் கண்டுபிடித்தது. வரிசையில் நிற்பவனுக்குத் தான் நிற்பதே தெரியாமல் செய்யும் கலையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். நாங்கள் என்றால், எங்கள் கேளிக்கைப் பூங்காவின் ‘ஒன்றிப்போதல்’ பிரிவு. அதில் நான் துணை மேலாளர்.

காசு கொடுத்து உள்ளே வருகிறவர் தம் வீடு, முதுகுவலி, வீட்டுக்காரர் ஏற்றிய வாடகை எல்லாவற்றையும் மறந்து நாங்கள் கட்டிய உலகத்தோடு ஒன்றிப்போக வேண்டும். அது குலையாமல் காப்பதுதான் எங்கள் திருப்பணி. கல்யாணத்துக்கு முன்பு இதை மாமனாருக்கு விரிவாக விளக்கினேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மாசச் சம்பளந்தானே மாப்ளே?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பூங்காவில் புதிதாகத் திறந்திருக்கும் பகுதிக்குச் சுடரகம் என்று பெயர். அது ஒரு வேற்றுக்கோள். அங்கே வாழ்கிறவர்கள் ஒளியைக் குடித்து உயிர்வாழ்கிறார்கள். பசி கிடையாது, மூப்பு கிடையாது, கவலை கிடையாது. இந்தக் கதையை எழுத ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவை மேற்பார்வையிட இன்னொரு குழுவும் அமைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து எழுதி முடித்த பிறகுதான் பொறியாளர் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதில் ஒரு மூலையைப் பார்த்த இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது என்ன?”

“பாத்ரூம் சார்.”

“ஒளியைக் குடிச்சு வாழறவங்களுக்குப் பாத்ரூம் எதுக்கு?”

“வர்றவங்க மனுஷங்க சார்.”

“வாசல் வரைக்கும்தான் மனுஷங்க. உள்ள வந்துட்டா பயணிகள்.”

விற்பனை மேலாளர் தயங்கித் தயங்கி, “பெரிய பெரிய டம்ளர்ல ஒளிச்சாறு விக்கப்போறோமே சார்” என்றார். ஒளிச்சாறு என்பது எலுமிச்சைச் சாற்றில் மஞ்சள் நிறம் கூட்டியது.

“தாராளமா விப்போம்.”

“குடிச்சவங்க...?”

“ஒன்றிப்போவாங்க” என்றார் இயக்குநர்.

கழிவறை கட்டாவிட்டால் திறக்க அனுமதி தரமாட்டார்கள், அது சட்டம் என்றார் பொறியாளர். கட்டினால் கதை கெட்டுவிடும், அது கலை என்றார் இயக்குநர். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்த இழுபறியில்தான் என் வாழ்க்கை மலர்ந்தது. நான் எழுந்து, “கட்டலாம் சார். ஆனா கதவு இருக்கக் கூடாது” என்றேன்.

என் திட்டம் எளிமையானது. வரிசை வளைந்து செல்லும் குகையில் ஒரு பெரிய செயற்கைப் பாறை. அதன் பக்கவாட்டில் பாசி மாதிரி ஒரு பச்சைத் திட்டு. அதை அழுத்தினால் பாறை விலகும், உள்ளே கழிவறை. பெயர்ப்பலகை கிடையாது. எந்த ஊழியரும் யாருக்கும் சொல்லக் கூடாது. சட்டத்துக்குக் கழிவறை உண்டு, கதைக்குக் கழிவறை இல்லை. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இருக்கவும் இல்லாமல் இருக்கவும் முடியும் என்று ஞானிகள் தாடி வளர்த்துக்கொண்டு சொன்னதை, நான் ஒரே பிற்பகலில் சிமெண்டால் செய்து காட்டினேன்.

இயக்குநர் என் தோளைத் தட்டினார். மேலாளர் நாற்காலி காலியாக இருப்பதையும் நினைவூட்டினார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். திறப்பு விழா அன்று கூட்டத்தோடு கூட்டமாக ரகசிய மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். பணியில் இருந்தாலும் விடுப்பில் இருந்தாலும், சுடரகத்துக்குள் கதையைக் குலைக்கும் ஊழியர் யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம்.

“குடும்பத்தோட வாங்க. நீங்க எப்படி நடந்துக்கறீங்கன்னு பாக்கணும்” என்றார்.

குடும்பத்தோடு போனேன். அதாவது மனைவியும் மாமனாரும். மாமனார் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர். “மாத்திரைய மத்தியானம் போட்டுக்கறேனே” என்றுதான் சொன்னார். “ஒரு மணி நேரத்துல ஏறி இறங்கிடலாம் மாமா” என்று நான்தான் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வாசலில் ஆளுக்கொரு பெரிய டம்ளர் ஒளிச்சாறும் வாங்கிக் கொடுத்தேன். ஊழியர் குடும்பமே உற்சாகம் காட்டாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படி வரும்?

உள்ளே கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். இந்தச் சொல்லை நான் பயன்படுத்தக் கூடாது. எங்கள் பிரிவில் கூட்டத்துக்கு ‘சக பயணியர்’ என்று பெயர். காத்திருப்புக்கு ‘முன்னனுபவம்’ என்று பெயர். விண்கலத்தில் பறப்பது நான்கு நிமிடம், முன்னனுபவம் அரை நாள். ஆகவே எது முக்கியம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ‘இங்கிருந்து விண்கலத்துக்கு இரண்டு சுடர்’ என்று ஒரு பலகை மின்னியது. ஒரு சுடர் என்பது எவ்வளவு நேரம் என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தால் அல்லவா யாராவது கேள்வி கேட்பார்கள்?

மாமனாருக்குப் பழக்க தோஷம். வரிசையில் இடைவெளியைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா இருக்கு. அம்மா, பையைக் காலுக்குள்ள வச்சுக்கங்க.”

வரிசை மடமடவென்று நகர்ந்தது. இவரும் கதையில் ஒரு பாத்திரம் என்று நினைத்து நாலைந்து பேர் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவரும் சிரித்தபடி நின்றார்.

பிறகு குகைக்குள் நுழைந்தோம். பலகை இப்போது ‘மூன்று சுடர்’ என்றது. மாமனார் யாரையும் உள்ளே போகச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். என் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஓரமாக நின்றிருந்த வெள்ளி முகப் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் சுடரகவாசி. மாதச் சம்பளத்துக்கு முகத்தில் வெள்ளி பூசிக்கொண்டவள்.

“ஏம்மா, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?”

வெள்ளி முகம் கண்ணை அகல விரித்தது. “பாத்... ரூம்? அது எந்தக் கோளின் சொல், பயணியே?”

“எல்லாக் கோள்லயும் உண்டு. எங்கப்பா ஒண்ணுக்குப் போகணும்.”

“இங்கே எல்லாப் பாதைகளும் விண்கலத்துக்கே போகின்றன.”

“விளையாடாதம்மா. வயசானவரு, மாத்திரை சாப்பிடறவரு.”

“சுடரகத்தில் வயது இல்லை, பயணியே. அவருக்கு இன்னும் கொஞ்சம் ஒளி கொடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.”

என்ன உச்சரிப்பு! என்ன கனிவு! அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“திரும்பி வெளியில போயிடலாமா?” என்று மனைவி அவளிடமே கேட்டாள்.

“சுடரகத்தில் காலம் பின்னோக்கி ஓடுவதில்லை” என்று அவள் இரும்புத் தடுப்பைக் காட்டினாள். அது ஒரு பக்கமாக மட்டும் திறப்பது. அதுவும் என் யோசனைதான்.

மனைவி என்னிடம் திரும்பி வந்தாள். “என்னங்க, நீங்க இங்கதானே வேலை பாக்கறீங்க? ஏதாவது வழி இருக்கும்ல? அப்பாவால முடியல.”

பாறை எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எட்டிக் கை நீட்டினால் பச்சைத் திட்டு. ஆனால் எங்களுக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர், உள்ளே நுழைந்ததிலிருந்து நாலாபக்கமும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். மூலைமுடுக்கை எட்டிப் பார்த்தார். அவர்தான் மதிப்பீட்டாளர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“வரிசை நகருது பாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றேன்.

“கொஞ்ச நேரம்னா எவ்வளவு?”

“ஒரு சுடர்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு பார்த்ததில்லை. மாமனார் அதற்குள், “சரிம்மா, விடும்மா, நான் இருந்துக்கறேன்” என்றார். நெற்றி வியர்த்திருந்தது. பக்கத்துச் சங்கிலியை இறுகப் பிடித்திருந்தார். முன்வரிசையில் ஒரு அம்மா தன் பையனைக் காலி டம்ளரோடு மூலைக்கு அழைத்துப் போனாள். கைப்பேசியில் ஒருவர், “பிரமாதம்டா, அப்படியே வேற உலகம்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றபடிதான் சொன்னார். ஒன்றிப்போதல் என்றால் இதுவல்லவா?

இன்னும் இரண்டு வளைவு தாண்டினோம். திடீரென்று மாமனார் நின்றுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி ஒரு முறை கீழே பார்த்தாள். அடுத்த நொடி, கையில் மிச்சமிருந்த ஒளிச்சாறு முழுவதையும் அவர் பேண்ட்டின் மேல் கவிழ்த்தாள்.

“ஐயோ! கை தவறிடுச்சுப்பா! முழுக்க நனைச்சுட்டேனே!” என்று குகையே அதிரக் கத்தினாள்.

“பயணியின் மேல் ஒளி சிந்தியது! நற்பேறு! நற்பேறு!” என்று வெள்ளி முகங்கள் முழங்கின. சக பயணியர் கைதட்டினார்கள். மாமனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் விண்கல வாசலை அடைந்தபோது, ஈர உடையோடு இருக்கையில் உட்கார அனுமதியில்லை என்று பணிவோடு தெரிவித்து எங்களைப் பக்கவாட்டு வழியாக வெளியே அனுப்பிவைத்தார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன். மாமனார் ஏறவில்லை.

“சீட்டு நனைஞ்சிடும் மாப்ளே. நான் பஸ்ல போயிக்கறேன். நின்னுகிட்டே போய் எனக்குப் பழக்கந்தான்.”

“இவ்வளவு பணம் போட்டுக் கட்டியிருக்காங்க, ஒரு பாத்ரூம் கட்டத் தோணல பாருங்கப்பா” என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது.

“இருக்கும்மா” என்றார் அவர். “அந்தப் பெரிய பாறைக்குப் பின்னாடி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் நெளியும்போதெல்லாம் மாப்ள அதைத்தான் பாத்தாரு.”

“நான் கேட்டதுக்குத்தான் சொல்லல, நீங்களே கேக்கறதுக்கு என்னப்பா?”

“நானே கேட்டா சொல்லியிருப்பாரு. சொன்னா வேலை போயிருக்கும். நாலு பேரு இருக்கிற எடத்துல அவரை எதுக்கு இக்கட்டுல மாட்டி விடணும்?”

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமனாரின் கணிப்பு பிசகிவிட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அவரே கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மனைவி அப்பாவைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நான் காரில் தனியாகப் போனேன். சீட்டு நனையவில்லை.

கண்ணாடி போட்டவர் மதிப்பீட்டாளர் அல்லர் என்பது மறுநாள் தெரிந்தது. அவரும் பாவம், கழிவறையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மதிப்பீட்டாளர் எங்களுக்கு நேர் பின்னால் நின்ற அம்மையார். எல்லாவற்றையும் பார்த்தவர், எல்லாவற்றையும் கேட்டவர். எனக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

பாராட்டுக் கூட்டத்துக்குக் குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். மாமனார் வரவில்லை. மனைவி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தாள், முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இயக்குநர் எனக்கு மாலை போட்டு, மேலாளர் என்று அறிவித்து, ஒலிவாங்கியைப் பிடித்துக் கம்பீரமாகப் பேசினார்.

“சொந்த மாமனார் பக்கத்துல நின்னு தவிக்கிறார். இவர் முகத்துல ஒரு சின்னச் சலனம்கூட இல்லைன்னு மதிப்பீட்டாளர் எழுதியிருக்காங்க. நண்பர்களே, நாமெல்லாம் மனுஷங்களா இருந்துகிட்டு வேற்றுக்கோள்வாசிகளா நடிக்கிறோம். இவர் ஒருத்தருக்குத்தான் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை!”

அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள். என் மனைவி மட்டும் எழுந்து நின்று, என்னையே பார்த்தபடி, நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.