மாக்டிரில் மகாராஜா ஆன மாலை

நடக்காத விபத்துகளிலிருந்து அதிகம் பேரைக் காப்பாற்றியவர் என்று யாருக்காவது சிலை வைப்பதாக இருந்தால், அதைக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில் எங்கள் மாக்டிரிலுக்குத்தான் வைக்க வேண்டும். அப்படியே வைத்தாலும், சிலை சாய்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் திரையை விலக்க விடுவார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. சம்பளச் சீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் அது பயன்பட்டது. ஆரம்பாக்கத்துக்காரர், இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசர். தீப்பிடித்ததாகப் பாவித்து, விசில் ஊதி, தொழிலாளர்களை வெளியே ஓடவிட்டுப் பழக்குவார்களே, அதற்கு 'மாக் டிரில்' என்று பெயர். அதைச் செய்ய வேண்டியது அவர் உத்தியோகம். உத்தியோகத்தை மற்றவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இவர் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு போவார்.

"கல்யாணத்துக்கு மொத வாரம் எங்க ஊட்டுக்கு வந்தாரும்மா" என்று அவர் மனைவி ராஜேஸ்வரி அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஓமகுண்டத்துல நெருப்பு எகிறிச்சுன்னா யாரு யாரத் தூக்கினு ஓடணும்னு எங்க நைனாவ உக்கார வெச்சு கிளாஸ் எடுத்தாரு. எங்க நைனா பயந்து போயி, ஓமமே வேணாம், கோயில்ல வெச்சுக்கலாம்னுட்டாரு. பெரியபாளையத்துல கல்யாணம். அங்கயும் வந்து, 'கூட்டத்துல நீ காணாமப் போய்ட்டா எங்க நிக்கணும்'னு எனக்கு எடம் காட்டினாரு. நானு கல்யாணப் பொண்ணு! மாலையும் கழுத்துமா நான் எங்க காணாமப் போறது?"

நான் அப்போது பொன்னேரியிலிருந்து ரயிலில் போய்வந்து, தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்த காலம். சுற்றுவட்டாரக் கூத்துக் குழுக்களுக்கும், மேளக்காரர்களுக்கும், நாடகம் போட ஆசைப்பட்ட தொழிலாளிகளுக்கும் மேடை, மைக், உடுப்பு எல்லாம் இலவசமாக ஏற்பாடு செய்துகொடுக்க அங்கே ஒரு மன்றம் இருந்தது. பதிவு செய்யும்போது அதற்கு வைத்த நீளமான பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊரில் 'டான்ஸ் சங்கம்' என்பார்கள். எங்களில் ஒருவருக்கும் டான்ஸ் தெரியாது.

கூட்டம் நடக்கும் இடம் ஜமால் பாயின் குடோன். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்து, கும்மிடிப்பூண்டியில் ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் பாய். முதல் நாள் நான் உள்ளே நுழையப் போகிறேன், கழுத்தில் விசிலோடு ஒருவர் குறுக்கே கை நீட்டினார்.

"இரும்மா. வெளிய போறது எப்படின்னு மொதல்ல கத்துக்கோ. அப்பறமா உள்ள வரலாம்."

"நான் இன்னும் உள்ளயே வரலையே சார்!"

"அதான் நல்ல டைம். உள்ள போய்ட்டா டென்ஷன் ஆயிடும்."

உள்ளேயிருந்து ஜமால் பாய் குரல் கொடுத்தார்: "கத்துக்கம்மா, கத்துக்க. என் குடோன்ல நொழையறதுக்கு எனக்கே அவுருதான் கத்துக் குடுத்தாரு."

இப்படித்தான் நான் கலைச் சேவையில் இறங்கினேன்.

மாக்டிரில் எங்கள் மன்றத்தின் செயலாளர். நடிகர்களுக்கு ஒத்திகை எப்படியும் நடந்துவிடும். அதில் அவருக்குக் கவலை இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அவர் ஒத்திகை வைத்தார். மழை வந்தால் ஒத்திகை. கரண்ட் போனால் ஒத்திகை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் யாரும் 'ஹே' என்று கத்தி மைக் செட்டுக்காரரைத் திடுக்கிட வைக்காமலிருக்க அதற்கும் தனியாக ஒத்திகை. ஒருமுறை சிறப்பு விருந்தினர் வரவேற்புக்கு ஒத்திகை வைத்தார். விருந்தினராக ஜமால் பாய். ஆட்டோவிலிருந்து இறங்க வேண்டும், மாலை வாங்க வேண்டும், இரண்டு வார்த்தை பேசி உட்கார வேண்டும். பாய் இறங்கினார், மாலை வாங்கினார், பேச ஆரம்பித்தார். டீ வந்தது. டீ ஆறியது. பாய் உட்காரவில்லை.

"பாய், ரெண்டு வார்த்தைன்னு சொன்னேன்!"

"மால போட்டாங்க நைனா. இன்னா பண்றது, தானா வருது!"

விழா அன்று நிஜ விருந்தினர் வரவில்லை. வயிற்றுவலி என்று போன். மாக்டிரில் கண்ணில் மின்னலடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வைத்த ஒத்திகை ஒன்று நிஜமாகவே கைகொடுக்கப் போகிறது! உடனே ஜமால் பாயைப் பின்பக்கமாக ஆட்டோவில் ஏற்றி முன்பக்கமாக இறக்கினார். பாய் சலவை வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி வந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்தவர்கள் அவரைப் பெரிய அதிகாரி என்றே நம்பி, விழா முடிந்ததும் தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட்டார்கள். பாயும் சளைக்காமல் "கவனிக்கிறேன்" என்றார். மறு வாரம் தன் குடோனிலிருந்து ஒரு டியூப்லைட்டை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தெருவில் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தார்.

அடுத்தது காற்றுப் பை. கம்பெனிகளில் வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, உயரக் கம்பத்தில் துணிப்பை ஒன்று கட்டியிருப்பார்கள். எங்கள் மேடைக்கும் அது வேண்டும் என்று ராஜேஸ்வரி அக்காவின் ஆரஞ்சுப் பாவாடையைக் கிழித்துத் தைத்து ஷாமியானா கம்பத்தில் கட்டிவிட்டார். அரைமணியில் ஒரு கட்சிக்காரர் பைக்கில் வந்து நின்றார்.

"இது இன்னா கட்சிக் கொடிப்பா? எங்களுக்குத் தெரியாம யாரு ஏத்தினது?"

"கட்சி இல்ல நைனா. பாவாட."

அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் இன்னொரு கட்சிக்காரர் வந்தார்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து, பார்வையாளர்களுக்கு அவர் வைத்த டிரில். நிகழ்ச்சி தொடங்குமுன் விசில் ஊதி, "நெருப்பு! நெருப்பு!" என்று தொண்டை கிழியக் கத்தி, எல்லாரையும் வரிசையாக வெளியே நடத்திக் கொண்டுபோய், திரும்ப அழைத்துவந்து உட்காரவைப்பார். ஒழுங்காகச் செய்தால் கைதட்டச் சொல்வார். முதல் வருடம் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வருடம் பழகிக்கொண்டார்கள். குழந்தைகளுக்கு அது ரயில் விளையாட்டு, பெரியவர்களுக்குப் பீடி இடைவேளை. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் தாமதமானால் கூட்டமே குரல் கொடுத்தது: "இன்னாப்பா, டிரில் எப்போ உடுவீங்க?"

அந்த வருடம்தான் எங்கள் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் தாங்களே எழுதிய நாடகத்தைப் போட்டார்கள். ஒரு மகாராஜா தன் நாட்டில் மூன்று ஷிஃப்ட் முறையைக் கொண்டுவருகிறார். ராணிக்குக் காலை ஷிஃப்ட், ராஜாவுக்கு இரவு ஷிஃப்ட். அரண்மனை வாசலில் போகும்போதும் வரும்போதும் மட்டுமே இருவரும் சந்திக்கிறார்கள். ராணியாக நடித்தவள் செல்வி. எழுதியதில் பெரும்பங்கும் அவளுடையது. ராஜா வேஷம் கிரேன் ஓட்டும் முருகனுக்கு. பல கம்பெனிகளின் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களும் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

நாடகம் தொடங்க வேண்டிய நேரத்தில் முருகனைக் காணோம். அவன் கம்பெனிக்குப் போன் போட்டோம். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராததால் முருகனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம். ராஜா ஓவர்டைமில் மாட்டிக்கொண்டார்.

செல்வியின் கண்ணில் மை கரைய ஆரம்பித்தது. "எங்க மாமியார் மொத மொறையா பாக்க வந்துக்கீறாங்கக்கா. இன்னிக்கு நடக்கலன்னா இனிமே என்ன அனுப்பவே மாட்டாங்க."

எல்லா ஒத்திகைக்கும் வந்து, எல்லா வசனமும் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். மாக்டிரில் பின்னால் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"நானா? எனுக்கு ரிகர்சலே இல்லியேம்மா!"

"நாலு மாசமா எங்க எல்லாருக்கும் ரிகர்சல் வெச்சு பேஜாரு பண்ணியே நைனா, ஏறு மேல!" என்று ஜமால் பாய் கிரீடத்தை எடுத்து அவர் தலையில் அழுத்தினார். விசிலைக் கழற்ற மட்டும் அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஜரிகை அங்கிக்கு மேல் விசிலோடு நுழைந்தார் மகாராஜா.

வசனத்தில் அவர் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. சங்கடம் என்னவென்றால், அடுத்தவர் வசனத்தையும் விடவில்லை. ராணி வாய் திறக்குமுன், "மன்னா, தாங்கள் எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று ராணி கேட்கிறாள்" என்றார். அதற்கும் தானே பதில் சொன்னார். பிறகு "மன்னர் இடப்பக்கம் திரும்பி நடக்கிறார்" என்று கம்பீரமாக அறிவித்துவிட்டு வலப்பக்கம் நடந்தார். செல்வி இடுப்பில் கை வைத்தாள்.

"மன்னா, என் டயலாக்கயும் நீங்களே சொல்லிக்கினு இருந்தா, நான் ஊட்டுக்குப் போயி உல வைக்கட்டா?"

ஷாமியானா அதிர்ந்தது. செல்வியின் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதை நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சங்கு ஒலித்தது.

கொஞ்ச தூரத்தில், குளிரூட்ட அமோனியா வாயுவைப் பயன்படுத்தும் ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. ஆபத்து என்றால் ஊதுவதுபோல் சங்கு அங்கிருந்து விட்டு விட்டு ஒலித்தது. மாக்டிரில் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். ஆரஞ்சுப் பாவாடை உப்பி, ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து எங்கள் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. விசிலை வாயில் வைத்து ஊதினார்.

"எல்லாரும் எயுந்திருங்க! அமோனியா லீக்கு! எயுந்திருங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ராஜா டிரில் உடறாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். அவர் பழக்கிய கூட்டமல்லவா, அவர் பழக்கியபடியே அழகாகக் கைதட்டியது. "நெஜம்! இது நெஜம்!" என்றார். அதற்கு விசிலடித்தார்கள். மூன்று வருடமாகப் பொய்யாகக் கத்திய மனிதர் இப்போது உண்மையைச் சொல்ல வேறு குரல் இல்லாமல் நின்றார்.

பிறகு கிரீடத்தைக் கழற்றினார். அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மைக் அருகே வந்தார். எப்போதும் கத்துகிற மனிதர், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"நைனா... தட்டாதீங்க. கையெடுத்துக் கும்புட்றேன். கொழந்தைங்கள எடுத்துக்கினு எயுந்திருங்க."

கைதட்டல் சட்டென்று நின்றது. முதலில் எழுந்தது ராஜேஸ்வரி அக்கா. அடுத்து செல்வியின் மாமியார். அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும்தான். யாரும் ஓடவில்லை, யாரும் இடிக்கவில்லை. வலப்பக்கம் இருந்தவர்கள் வலப்பக்கமாக, இடப்பக்கம் இருந்தவர்கள் இடப்பக்கமாக. ஜமால் பாயின் தண்ணீர் டிரம்மில் துண்டையும் முந்தானையையும் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக வயல் பக்கத்து ரோட்டுக்கு நடந்தார்கள். இதையெல்லாம் மாக்டிரில் மைக்கை விடாமல் தமிழில் சொன்னார், தெலுங்கில் சொன்னார், வடக்கத்திப் பையன்களை மெதுவாக நடக்கச் சொல்லி இந்தியில் "தீரே தீரே சலோ பாய்" என்றும் சொன்னார். பாதிப்பேர் வெளியேறிய பிறகுதான் வாடை வந்தது. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் எரிந்தது. கடைசி ஆளை அனுப்பிவிட்டு, ஜரிகை அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி மகாராஜா வந்து சேர்ந்தார்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஐஸ் கம்பெனியில் வால்வை மூடினார்கள். கண் எரிச்சலும் இருமலும் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் பயமில்லை என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னதும், ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பி வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நாடகம் இன்னாச்சு?" என்றார்கள். அதற்குள் முருகனும் கிரீஸ் கையோடு ஓடி வந்து கிரீடத்தை மாட்டிக்கொண்டான். விட்ட இடத்திலிருந்து ராணி தொடங்கினாள். இந்த முறை அவள் வசனத்தை அவளே சொன்னாள்.

மேடைக்குப் பின்னால் மாக்டிரில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த டீயை வாங்கிப் பெட்டி ஓரத்தில் வைத்தார். ராஜேஸ்வரி அக்கா தேங்காயெண்ணெய் தொட்டு அவர் முகத்து ரோஸ் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேம்மா" என்றார் என்னிடம். "காத்து, வழி, தண்ணி, எல்லாம். ஆனா மேலருந்து பாக்கறேன், அத்தினி பேரும் தெரிஞ்ச மூஞ்சி. அதான் யோசிக்கல. பயந்துட்டேன்."

அக்கா அவர் நெற்றியைத் துடைத்தார். மேடையில் செல்வி ஏதோ சொல்ல, கூட்டம் மறுபடி வெடித்துச் சிரித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். ஜமால் பாய் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். முன்னால் போனால் நாடகம் பார்க்கலாம்தான். ஆனால் அது முடிகிறவரை எங்களில் யாருக்கும் அவரை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை.