லேப்டாப்புக்குப் பால் காய்ச்சினேன்

மேடையில நான் வாயைத் தொறந்தா மாமியாரு மாதிரி பேசிக் காட்டுவேன்னு நினைச்சு, நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டியதானே? பின்னால தள்ளிப் போடுங்க. மாமியாருக்கு இன்னைக்கு லீவு. இன்னைக்கு லேப்டாப்பு.

பேரு தாணுமாலயன். கன்னியாகுமரியில ஒரு லாட்ஜில ரிசப்ஷன்ல நிக்கேன். வாரம் பூரா "எஸ் சார், வெந்நீர் இப்ப வரும் சார்"ன்னு அடுத்தவனுக்குத் தலையாட்டி, கழுத்து ஒருபக்கமா சாஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி சொர்ணத்துக்குத் தலையாட்டி மத்த பக்கமா சாயும். அப்பிடித்தான் கழுத்து நேரா நிக்கி.

ஆனா ஞாயித்துக்கிழமை நான் ராஜாவாக்கும். காரணம், லேப்டாப்புல உள்ள ஜாதக சாஃப்ட்வேரு. பொறந்த நேரத்தைப் போட்டா கட்டம் வரும். ரெண்டு பேருக்குப் போட்டா பொருத்தம் வரும். நான் கண்ணை மூடி, தொண்டையக் கனைச்சு, அடிவயித்துலேருந்து குரலை எடுத்து வாசிச்சா தெருவே "ஜோசியரே"ன்னு கும்பிடும். ஓசிதான். அதனால எங்க ஊரு அஞ்சுகிராமத்துல பாதி சனம் எங்க வீட்டு ஹாலுல கிடக்கும். வாறவிய எல்லாத்துக்கும் சாயா போடுகது சொர்ணம். ஒருநாள்கூட முகம் சுளிச்சது கிடையாது. அதை நான் குணம்னு நினைச்சேன்.

லேப்டாப்பு பழசு. பொத்தானை அமுக்கிட்டு, குளிச்சுத் திருநீறு பூசிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும். கடைக்கார ஷிஜின்கிட்ட காட்டினேன்.

"டிஸ்கை மாத்தி எஸ்எஸ்டி போட்டா பறக்கும் அண்ணே. குளோனிங் பண்ணினா பழசுல உள்ளது அப்பிடியே புதுசுக்கு வந்திரும். கிளீன் இன்ஸ்டால்னா பழசு ஒண்ணும் வராது, எல்லாம் முதல்லேருந்து. எது வேணும்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க."

வீட்டுல கேட்டுட்டு வரணுமாம். எனக்குச் சுள்ளுனு ஏறிச்சு. அங்கேயே எடுத்தேன் சபதம். இந்த ஒரு விசயத்துல சொர்ணம் என்ன சொன்னாலும் அதுக்கு நேர் எதிரா நிப்பேன்.

"ஏட்டி, லேப்டாப்புல டிஸ்க் மாத்தப் போறேன். எப்பிடி மாத்தணும்னு முடிவு எடுக்கது நானாக்கும்."

"குளோனிங் போடுங்க."

"அந்த வார்த்தை உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன்ல வீடியோ பாத்தேன். இருக்கது இருக்கபடி இருக்கட்டும். ஒண்ணையும் இளக்காண்டாம்."

"கிளீன் இன்ஸ்டால்தான்."

"வேண்டாங்க."

"வேணும்."

"சொன்னாக் கேளுங்க, குளோனிங்."

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகும்போ தூசி பெருக்குக பழைய வாரியலை ஆராவது கக்கத்துல இடுக்கிட்டுப் போவாவளா? நீ போனியா?"

"இல்ல."

"பின்ன? பழைய தூசி, பழைய வைரஸ், உன் தம்பி கல்யாண வீடியோ, எல்லாத்தையும் தூக்கிப் புது டிஸ்குல வச்சுப் பால் காய்ச்சவா?"

"தம்பிய ஏன் இழுக்கியோ?" சேலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா. "சரி. நீங்க ஒண்ணை நினைச்சிட்டா நான் சொல்லி மாத்தவா முடியும்?"

கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் காத்துக் கிடந்த வாக்கியம் அது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமான்னு பாத்தேன். பேராசை வேண்டாம்னு விட்டுட்டேன்.

"உங்க ஜாதக சாஃப்ட்வேரைப் பத்திரமா எடுத்தியளா?"

"நான் என்ன மண்டூகமா? ஸ்கிரீன்ல இருந்து பென் டிரைவுல இழுத்துப் போட்டாச்சு."

"அந்த ராசிக்கட்டம் படத்தையா?"

"அதை அமுக்கினாத்தானே தொறக்கும்?"

"அப்பிடின்னா சரி"ன்னு சொல்லிட்டு வெடுக்குனு அடுக்களைப் பக்கம் திரும்பிட்டா. தோள் ரெண்டும் குலுங்கிச்சு. பாவம், அழுகான்னு நினைச்சேன்.

புது எஸ்எஸ்டி வந்துது. லேப்டாப்பு பறந்துது. ஞாயித்துக்கிழமை மொத ஆளா பக்கத்துத் தெரு கோலப்பன் வந்தாரு. மக அஸ்வதி ஜாதகமும், மாப்பிள்ளைப் பையன் ஜாதகமும் கையில. நான் கண்ணை மூடி, தொண்டையக் கனைச்சு, பென் டிரைவைச் சொருகி, ராசிக்கட்டத்தை அமுக்கினேன்.

இங்கிலீசுல ஒரு பெட்டி வந்து நின்னுது. நீ தேடுகது இங்க இல்லைன்னு அர்த்தம். மறுபடி அமுக்கினேன். மறுபடியும் இல்ல.

"என்ன ஜோசியரே, பையனுக்கு தோஷமா?"

"பையனுக்கு ஒண்ணுமில்ல. லேப்டாப்புக்குத்தான் நேரம் சரியில்ல."

ஷிஜினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"அண்ணே, நீங்க எடுத்தது வெறும் படம். வாசல் பலகைய மட்டும் கழட்டிட்டு வந்து, வீட்டைக் காணோம்னு சொல்லுகியோ."

"மறுபடி போட்டுத் தாடே."

"எங்கேருந்து போட? அதைச் செஞ்ச கம்பெனியே இழுத்து மூடியாச்சு. குளோனிங் பண்ணிருந்தா அப்பிடியே வந்திருக்கும்."

"பழைய டிஸ்க் உண்டும்லா?"

"அதை அன்னைக்கே முழுசா அழிச்சு சொர்ணம் அக்காகிட்ட குடுத்தாச்சே. பிளவுசு டிசைன் போட்டு வைக்கணும்னு கேட்டாவ."

கோலப்பன் ரெண்டு ஜாதகத்தையும் மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. "வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு ஆளு ஜாதகம் பாக்காராம், கேட்டியா"ன்னாரு. 'ஜோசியரே' போச்சு. சாயாவும் வரல. சொர்ணம் சோபாவுல காலை நீட்டி உக்காந்து போன்ல டிசைன் பாத்துக்கிட்டிருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை அவ உக்காந்து நான் பாத்தது அன்னைக்குத்தான்.

எனக்கு நெஞ்சு இளகிப் போச்சு. "தப்பு என்னுதுதான்டே ஷிஜின். அவ பாவம். குளோனிங் போடுங்கன்னு கண்ணீர் விட்டுச் சொன்னா. நான்தான் கேக்கல."

சொர்ணம் துள்ளி எழும்பி, போனை அமத்தக் கையை நீட்டினா. அதுக்குள்ள ஷிஜின் சொல்லிட்டான்.

"எதைச் செஞ்சா அந்த ஜாதகம் ஒழியும்னு நீங்க வாறதுக்கு முன்னாலேயே அக்கா கடையில வந்து கேட்டாவளே அண்ணே. கிளீன் இன்ஸ்டால்னு சொன்னேன். 'அப்போ நான் குளோனிங்னு அடம்பிடிக்கேன், மத்தத அவரே பாத்துக்கிடுவாரு'ன்னாவ."